காயமும் துடிப்பும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

நிமிடத்திற்கு ஏறத்தாழ 75 முறை துடிக்கும் இரண்டு இதயங்களை எடுத்துக்கொண்டு, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. மின்இதய வரைபடத்தில், அதாவது இ.சி.ஜி. தாளில், ஒரு துடிப்பின் உச்சிக்கும் அடுத்த துடிப்பின் உச்சிக்கும் உள்ள நேரத்தை மில்லிவினாடியில் அளந்தால் கதை மாறுகிறது. முதல் இதயத்தின் இடைவெளிகள் 812, 776, 845, 790 என்று ஏறி இறங்குகின்றன. இரண்டாவதன் இடைவெளிகளோ 800, 806, 801, 808 என்று ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாடுகளைக் கண்டு, அவற்றை இருபடியாக்கிச் சராசரி எடுத்து, அதற்கு இருபடிமூலம் கண்டால் முதல் இதயத்திற்கு 55 மில்லிவினாடியும் இரண்டாவதற்கு 6 மில்லிவினாடியும் கிடைக்கின்றன. இதயத் துடிப்பு மாறுபாடு என்று மருத்துவர்கள் குறிப்பிடுவதன் பல அளவுகளுள் பெரிதும் புழங்கும் ஒன்று இது. மெய்யான அளவீட்டில் நான்கு துடிப்புகள் போதா, குறைந்தது ஐந்து நிமிடப் பதிவாவது வேண்டும் என்றாலும், கணக்கின் வழி இதுதான். கடிகாரம்போல் சீராக அடிப்பதே நல்ல இதயம் என்ற பொது நம்பிக்கைக்கு நேர்மாறாக, ஓய்வில் இருக்கும் நலமான இதயம் சீரற்றே துடிக்கிறது.

இந்தச் சீரின்மைக்குக் காரணம் இதயம் அன்று, அதை ஆளும் நரம்புகளே. இதயத்தின் மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுத்தொகுதி, எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விடப்பட்டால், நிமிடத்திற்கு நூறு முறை அளவில் துடிப்பைப் பிறப்பிக்கும். அதை எழுபதுக்கு இறக்கி வைத்திருப்பது மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. இந்த நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து இதயத்தை மெதுவாக்குகிறது என்பதை ஆட்டோ லோவி 1921இல் தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார்; அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. அசிட்டைல்கோலின் ஒரு துடிப்புக்குள்ளேயே வேலை செய்து மறைந்துவிடும். ஆபத்தில் உடலை முடுக்கும் பரிவு நரம்புகள் சுரக்கும் நோரட்ரினலின் வேலையைத் தொடங்கவே சில வினாடிகள் பிடிக்கும். எனவே துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுகிறது என்றால், மூச்சை இழுக்கும்போது தளர்ந்து விடும்போது இறுகும் வேகஸின் கடிவாளம் உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள்; இடைவெளி தட்டையாகிவிட்டது என்றால் கடிவாளம் கைநழுவி இருக்கிறது. இந்தக் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் மூளை வலையமைப்பு அச்சத்தை அடக்கும் முன்மூளைப் பகுதிகளோடும் பின்னிக் கிடக்கிறது என்பது ஜூலியன் தேயர், ரிச்சர்ட் லேன் ஆகிய இருவரும் 2000இல் முன்வைத்த கருத்து. இதயத்தின் இடைவெளியை அளந்து மனத்தின் காயத்தைப் பற்றிப் பேசும் துணிவு ஆய்வாளர்களுக்கு இங்கிருந்தே வந்தது.

துணிவு புதிது, ஐயம் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்போடும் மூச்சுத் திணறலோடும் வந்த முந்நூறு படைவீரர்களை ஆராய்ந்த ஜேக்கப் டகோஸ்டா, இதயத்தில் புண்ணோ பழுதோ பெரிதாக ஒன்றும் இல்லாத அந்த நிலைக்கு 1871இல் ‘எரிச்சலுற்ற இதயம்’ எனப் பெயரிட்டார். அவர் கண்டவற்றுள் ஒரு பகுதியேனும் இன்று அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு எனப்படுவதாக இருக்கலாம். உயிருக்கு அச்சுறுத்தலான நிகழ்வு மனத்தில் கேளாமலே மீண்டும் மீண்டும் ஓடுவது, அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஆள் தவிர்ப்பது, உலகையும் தன்னையும் பற்றிய எண்ணம் கறுத்துப்போவது, உடல் எப்போதும் விழிப்பிலேயே நிற்பது ஆகிய நான்கும் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் அது இடம்பெற்றது 1980இல்தான்.

காயம்பட்டவரின் துடிப்போடு இந்தக் கோளாறை இணைத்துப் பார்த்த ஆய்வுகளுள் பெரிதும் பேசப்பட்டது ஜெருசலேமில் அரியே ஷலேவ் குழுவினர் செய்து 1998இல் வெளியிட்டது. விபத்து முதலிய காரணங்களால் அவசரப் பிரிவுக்கு வந்த 86 பேரை நான்கு மாதம் தொடர்ந்து பார்த்ததில், கோளாறுக்கு ஆளான 20 பேரின் இதயம் வந்த அன்று சராசரியாக நிமிடத்திற்கு 95 முறையும் மற்றவர்களின் இதயம் 83 முறையும் துடித்திருந்தது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பிரையன்ட் குழுவினரும் இதே திசையில் கண்டார்கள். அமெரிக்காவில் சாலை விபத்தில் சிக்கியவர்களை ஆராய்ந்த எட்வர்ட் பிளான்சார்ட் குழுவினரோ 2002இல் இதற்கு எதிரான முடிவை வெளியிட்டார்கள். துடிப்பை மருந்தால் அடக்கினால் நினைவு ஆழப் பதியாது என்ற எதிர்பார்ப்பில் ரோஜர் பிட்மன் அதே ஆண்டு புரோப்ரனலால் கொடுத்துப் பார்த்தது சிறு நம்பிக்கை தந்தது. பின்னால் வந்த சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. வெறும் துடிப்பெண்ணிக்கை ஒரு மழுங்கிய கருவி என்பது இவற்றால் விளங்குகிறது. குருதி இழந்தவருக்கும் எண்ணிக்கை ஏறும், வலியால் துடிப்பவருக்கும் ஏறும், அஞ்சியவருக்கும் ஏறும்.

இடைவெளியின் மாறுபாடு இதைவிடக் கூர்மையானதா என்பதே அடுத்த கேள்வி. பிரான்சின் லீல் நகரில் சாலை விபத்தில் தப்பிய 35 பேருக்கு மறுநாளே 24 மணி நேரப் பதிவுக்கருவி பொருத்தி, இரண்டாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மனநிலையை ஆராய்ந்த குழு 2012இல் வெளியிட்ட முடிவில், கோளாறுக்கு ஆளானவர்களின் மாறுபாடு தொடக்கத்திலேயே தாழ்ந்திருந்தது தெரிந்தது. ஆனால் தாழ்ந்தது காயத்தாலா, காயத்திற்கு முன்பே தாழ்ந்திருந்ததா? போருக்குப் புறப்படும் முன் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விரலில் உணரி மாட்டி ஐந்து நிமிடம் பதிவுசெய்து, திரும்பி வந்தபின் சோதித்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. முன்பே மாறுபாடு குறைந்திருந்தவர்களுக்குக் கோளாறு வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்பது அதன் முடிவு. வியட்நாம் போர்க்காலத்து இரட்டைச் சகோதரர்களை ஒப்பிட்டு அமித் ஷா குழுவினர் 2013இல் வெளியிட்டதோ வேறொன்றைச் சொல்கிறது: கோளாறோடு வாழும் சகோதரரின் மாறுபாடு கோளாறற்ற இரட்டையரைவிடக் குறைவு, ஆனால் கோளாறு வந்து நீங்கிய சகோதரருக்கு அந்தக் குறைவு இல்லை. ஒரே கருவறை, ஒரே வீடு என்று பிறப்பையும் வளர்ப்பையும் இவ்வளவு நெருக்கமாகச் சமன்செய்த ஒப்பீட்டில் இப்படி வருவதால், தாழ்வின் பெரும்பங்கு நோயோடு வந்து நோயோடு போவது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. காலாட்களின் ஆய்வைப் பொய்யாக்காமலே இரட்டையர் ஆய்வு நம் கண்ணை வேறிடத்திற்குத் திருப்புகிறது: பார்க்க வேண்டியது ஒரு நாளின் எண்ணை அன்று, எண் மீள்கிறதா என்பதை.

இந்த வேறுபாடு மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து வடகோடியில் மிகவும் பொருட்படுத்தத்தக்கது. சபாக் பெர்ணம் மாவட்டத்தின் சுங்கை பஞ்சாங் முக்கிமிலிருந்து (உட்பிரிவிலிருந்து) தெற்கே செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வழியாகக் கிள்ளானுக்கு இறங்கும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையின் இருபுறமும் நெல்வயலும் தென்னையும் செம்பனையுமே விரிந்து கிடக்கின்றன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்தது இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். தமிழர் வாயில் தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது வரலாற்றின் ஒரு குறும்பு. ரப்பர் மரம் வெட்டிய தலைமுறைக்குக் காயம் என்றால் கத்திக் கீறலும் பாம்புக் கடியும். செம்பனைத் தலைமுறைக்கு அது வேறு. மரம் வயதாகி உயர உயர, நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையை அறுத்துக் குலையை இறக்க வேண்டியிருப்பதால், இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள முள் நிறைந்த குலை தலைக்கு நேர்மேலே தொங்க, அண்ணாந்த கண்ணில் தூசும் முள்ளும் விழ, கழி மின்கம்பியில் பட்டால் உயிரே போகும் என்ற நிலையில் ஆள் நிற்கிறார். அந்த வேலையின் பெரும்பகுதி இன்று இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த தமிழர் பலர் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய்வருபவர்கள். அவர்களுக்குக் காயம் சாலையில் காத்திருக்கிறது. 2019இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள், ஆண்டுதோறும் இறப்போரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு.

பிழைத்தவர்கள் வீடு திரும்பியபின் நடப்பதைச் சொல்லத் தோட்டத்துத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ‘பயந்துட்டான்’ என்பார்கள்; வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள்; ‘லோரி சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுது’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘ராத்திரியில உளர்றாரு’ என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். கையேடு பல வரிகளில் விளக்கும் மிகைவிழிப்பு நிலைக்குத் தூக்கிவாரிப் போடுதல் என்பதைவிடத் துல்லியமான சொல் கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் போரால் காயம்பட்ட மனங்களுக்கு நெடுங்காலம் மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரமும் துயரம் உடலின் மொழியில் வெளிப்படுவதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்தச் சொற்கள் கிளினிக்கின் அறைக்குள் நுழையும்போது மலாய்க்கு மாறி, ‘தலைசுற்றல்’, ‘தூக்கமின்மை’ என்று உதிரி உதிரியாகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரையாக முடிந்துவிடுவதுதான் இடர். மனநலச் சிறப்பு மருத்துவரைக் காணத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற நிலையில், மொழி வேண்டாத ஓர் அளவுகோல் கிடைத்தால் நல்லதுதானே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அந்த எண்ணத்தின் குறுக்கே நிற்பது முதலாவதாகச் சர்க்கரை நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே அது 31.4 விழுக்காடு. நெடுங்காலச் சர்க்கரை நரம்புகளை அரிக்கும்போது, உடலின் மிக நீண்ட நரம்புகளுள் ஒன்றான வேகஸ் முதலில் அடிபடுவனவற்றுள் ஒன்றாகிறது. எடின்பரோவில் டேவிட் யூவிங் குழுவினர் 1970களில் வகுத்த எளிய சோதனையில், நோயாளியை நிமிடத்திற்கு ஆறு முறை ஆழ மூச்சு விடச் சொல்லி, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் துடிப்பெண்ணிக்கையில் ஏற்படும் வேறுபாட்டைப் பார்ப்பார்கள். பதினைந்துக்கு மேல் இருந்தால் நலம், பத்துக்குக் கீழே போனால் நரம்பு பழுதாகிவிட்டது என்பது அவர்கள் வைத்த எல்லை. கூர்ந்து பார்த்தால் இது இதயத் துடிப்பு மாறுபாட்டைத் தவிர வேறொன்றும் அன்று. ஆக, ஐம்பது வயதான ஒரு சர்க்கரை நோயாளி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்து வரும்போது அவருடைய மாறுபாடு 6 மில்லிவினாடி என்று கருவி காட்டினால், அது நேற்றைய விபத்தின் தடமா, பத்தாண்டுச் சர்க்கரையின் தடமா என்பதை அந்த எண் ஒருபோதும் சொல்லாது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்களான இளைஞர்களிடம் எடுத்த எல்லைக்கோட்டை அவர்மீது வைப்பது, பந்தயக் குதிரைக்கு வைத்த லாடத்தை வண்டிமாட்டுக்கு அடிப்பது போன்றது.

இரண்டாவது தடை தோட்டத்துக்கே உரியது. செம்பனையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்ல அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்தப்பட்ட மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகிய நச்சுகள் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. இவை உடலில் ஏறினால் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். லோவி தவளையில் கண்ட அதே வேதிப்பொருள் அளவுக்கு மீறித் தேங்கி, இதயத்தின் தாளத்தையே குழப்பும். தோட்டங்களில் பெண்களின் முதுகில் நெடுங்காலம் சுமந்து தெளிக்கப்பட்டு, 2020 ஜனவரி முதல் நாள் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் வேறு வகை நஞ்சு, அது இந்த நொதியைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. மருந்துகளும் உண்டு: காயம்பட்டவருக்குக் கொடுக்கப்படும் மார்பின் என்ற வலிநீக்கியும், இரத்த அழுத்தத்திற்கு அவர் ஏற்கெனவே உண்டுவரும் பீட்டா தடுப்பியும் எண்ணை மாற்றக்கூடியவை. காய்ச்சல், மது, உறக்கமற்ற இரவுப் பணி என்பனவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை.

கருவியையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரங்கள் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடியைக் கணிக்கின்றன. கறுத்த தோலில் உள்ள மெலனின் அந்த ஒளியை மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் மானி கறுப்பினத்தவரின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிடுகிறது என்று 2020இல் மைக்கேல் ஜோடிங் குழுவினர் காட்டியபின், ஒளிவழிக் கருவிகள் எல்லாத் தோலுக்கும் ஒன்றுபோல் உழைக்கும் என்று எவரும் எடுத்துக்கொள்ள முடியாது. வெயிலில் காய்ந்த முன்கையில், ஒரு துடிப்பைத் தவறவிட்டாலே கணக்கு தலைகீழாகும் ஓர் அளவுக்கு, மார்பில் ஒட்டும் பழைய இ.சி.ஜி. மின்முனையே நம்பத் தக்கது. அது எந்த மாவட்ட மருத்துவமனையிலும் இருக்கிறது.

தடைகள் ஒருபுறம் இருக்கட்டும், இவை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் எண்கணிதம் விடாது. காயம்பட்ட நூறு பேரில் பதினைந்து பேருக்குக் கோளாறு வரும் என்றும், நோய் வரப்போகிறவர்களில் எண்பது விழுக்காட்டினரையும் வராதவர்களில் எழுபத்தைந்து விழுக்காட்டினரையும் சரியாகப் பிரிக்கும் தரமான சோதனை கையில் உள்ளது என்றும் கற்பனை செய்வோம். பதினைந்தில் பன்னிரண்டு பேர் பிடிபடுவார்கள்; எஞ்சிய எண்பத்தைந்தில் இருபத்தொரு பேர் வீணே பிடிபடுவார்கள். எச்சரிக்கப்பட்ட முப்பத்து மூவரில் உண்மையில் ஆபத்தில் இருப்பவர் மூன்றில் ஒருவரே. எச்சரிக்கை தீங்கற்றது என்றும் சொல்லிவிட முடியாது. சாலை விபத்தில் சிக்கி மருத்துவமனையில் கிடந்தவர்களை உடனே அழைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் ஒற்றை அமர்வு ஆலோசனையை இங்கிலாந்தில் சோதித்த ரிச்சர்ட் மேயூ குழுவினர், தொடக்கத்தில் மிகுந்த அலைக்கழிப்பில் இருந்தவர்களுக்கு அந்த அமர்வு மூன்றாண்டுக்குப் பிறகும் கேடாகவே இருந்தது என்று 2000இல் எழுதினார்கள். பயன் தருவது வேறு வழி: சில வாரம் பொறுத்து, அறிகுறி தணியாதவர்களுக்கு மட்டும், அஞ்சும் நினைவையும் அஞ்சும் இடத்தையும் படிப்படியாக அணுகச் செய்யும் நடத்தைவழிச் சிகிச்சை.

பொறுத்துப் பார்ப்பதற்கான நாள்கள் தனியே ஏற்படுத்தப்பட வேண்டியவை அல்ல. காயத்துக்குக் கட்டு மாற்றவும், தையல் பிரிக்கவும், மாவுக்கட்டை ஆராயவும், எம்.சி. எனும் மருத்துவ விடுப்பை நீட்டிக்கவும் ஆள் எப்படியும் முதல் ஆறு வாரத்தில் பலமுறை கிளினிக்குக்கு வருகிறார். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தையும் 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுக்கொள்வதால் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கான கோரிக்கைத் தாள்களும் அந்த வருகைகளிலேயே நிரப்பப்படுகின்றன. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் இதே காப்பின்கீழ் வந்துவிட்டார்கள்; 2007இல் தொடங்கிய பணிக்கு மீளும் திட்டத்தில் பின்தொடர்ந்து பார்க்கும் அலுவலரும் உண்டு. இத்தனை இருந்தும் வேலைக்குத் திரும்பும் நாளைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எலும்பும் தையலுமாகவே இருக்கின்றன. கட்டுப் பிரிக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து இ.சி.ஜி. பதிவு எடுத்து, அதே ஆளின் மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், சர்க்கரையும் வயதும் மூன்று எண்களிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அவற்றின் குழப்பம் பெரிதும் கழிந்துபோகும். 6 என்பது 9 ஆகி 14 ஆனால் உடல் ஏறிவருகிறது. மருந்தும் காய்ச்சலும் விலகி எலும்பு கூடிய பிறகும் 6 என்பது 6 ஆகவே நின்றால், உறக்கத்தைப் பற்றியும் கனவைப் பற்றியும் அவருடைய மொழியில் கேட்டறிய அது போதிய காரணம்.

எண்ணும் ஆளும் முரண்படும் இடமும் உண்டு. முப்பதாம் நாளில் எண் ஏறிவிட்டது, கணுக்கால் கூடிவிட்டது, சொக்சோ தாளில் கையெழுத்தும் ஆகிவிட்டது; ஆள் மட்டும் தாலி ஆயர் என மலாயில் வழங்கும் வயல் வாய்க்காலின் ஓரமாய் ஓடும், தாம் விழுந்த அந்தச் சாலையை விட்டு, நான்கு கிலோமீட்டர் சுற்றித் தொழிற்சாலைக்குப் போகிறார் என்றால், நோயாளி அட்டையில் முதலில் ஏற வேண்டியது அந்த நான்கு கிலோமீட்டர்தான்.